நிலநடுக்கம் நின்ற பிறகு தீ: கம்ப்யூட்டர் போடும் கணக்கு

2001ஆம் ஆண்டு செப்டம்பர் 25. இரவு சமையல் நேரம். புதுச்சேரிக்கு அருகே கடலுக்கடியில் சுமார் 5.5 ரிக்டர் அளவில் நிலநடுக்கம் ஏற்பட்டது. சென்னை வரை மக்கள் வீதிக்கு ஓடி வந்தார்கள். பண்ருட்டிக்கும் அந்தக் கடற்கரை தூரமில்லை. வெளியே ஓடும் அவசரத்தில் அடுப்பை அணைக்க யாருக்குத் தோன்றும்?

1923ல் ஜப்பானின் டோக்கியோ பகுதியில் நடந்தது இதுதான். மதிய உணவு தயாராகும் நேரத்தில் பூமி அதிர்ந்தது. இறந்தவர்கள் ஒரு லட்சம் பேருக்கு மேல். அவர்களில் பெரும்பாலோரைக் கொன்றது இடிபாடு அல்ல, தீ!

நிலநடுக்கம் எப்போது வரும் என்று எந்தக் கம்ப்யூட்டராலும் சொல்ல முடியாது. ஆனால் வந்தால் எத்தனை இடங்களில் தீப்பிடிக்கலாம், எவ்வளவு தூரம் பரவலாம் என்று கணக்கிட முடியும். அமெரிக்க அரசின் ஃபீமா அமைப்பு 1997ல் வெளியிட்ட 'ஹாசஸ்' அத்தகைய சாப்ட்வேர்.

மூன்று படிகள்

ஒன்று, தீ தொடங்குதல். நில அதிர்வின் வேகத்தையும் கட்டடங்களின் பரப்பளவையும் வைத்து, எத்தனை இடங்களில் தீப்பிடிக்கும் என்று மதிப்பிடுகிறது. இரண்டு, பரவுதல். காற்றின் வேகம், வீடுகளுக்கு இடையே உள்ள இடைவெளி ஆகியவை இங்கே முக்கியம். மூன்று, அணைத்தல். ஒரே நேரத்தில் ஐந்து தெருக்களில் தீப்பிடித்தால் தீயணைப்பு வண்டிகள் போதுமா? குழாய் உடைந்தால் தண்ணீர் கிடைக்குமா?

இதில் ஒரு சிக்கல். அமெரிக்க வீடுகளுக்காக எழுதிய கணக்கு, கீற்றுக் கூரைக்கும் எண்ணெய்ப் பசை நிறைந்த முந்திரி ஓட்டுக் குவியலுக்கும் அப்படியே பொருந்தாது. தவறான விவரம் கொடுத்தால் கம்ப்யூட்டர் தவறான விடையைத்தான் தரும். நம் ஊர் விவரத்தை நாம்தான் சேகரிக்க வேண்டும்.

நீங்களே செய்யலாம்

எக்செலைத் திறந்து கொள்ளுங்கள். வீட்டு எண், கூரை (கீற்று, ஓடு, கான்கிரீட்), அடுத்த வீட்டுக்கு எத்தனை அடி, அடுப்பு வகை, கிணறு அல்லது போர் உண்டா என்று ஐந்து தலைப்புகள் கொடுங்கள். உங்கள் தெருவில் உள்ள வீடுகளை ஒவ்வொன்றாகப் பதிவு செய்யுங்கள். பிறகு டேட்டா பகுதியில் உள்ள ஃபில்டரை க்ளிக் செய்து 'கீற்று' என்பதை மட்டும் தேர்வு செய்யுங்கள். நெருக்கமாக இருக்கும் கீற்று வீடுகள் எவை என்று உடனே தெரிந்துவிடும். முதலில் ஆபத்து அங்கேதான். பிரிண்ட் எடுத்து ஊராட்சி அல்லது நகராட்சி அலுவலகத்தில் கொடுத்து வையுங்கள்.

யூபிஎஸ் இருக்கிறதா?

1995ல் ஜப்பானின் கோபே நகரில், நின்றுபோன மின்சாரம் திரும்ப வந்தபோதும் பல வீடுகளில் தீப்பிடித்தது. எனவே அதிர்வு நின்றதும் சிலிண்டர் ரெகுலேட்டரை மூடுங்கள். கேஸ் வாடை அடித்தால் எந்த சுவிட்சையும் தொடாமல் வெளியேறுங்கள். வாடை இல்லையென்றால் மெயின் சுவிட்சை அணையுங்கள். கம்ப்யூட்டர் யூபிஎஸ்ஸைத் தனியாக ஆஃப் செய்ய மறக்காதீர்கள். மெயினை அணைத்தாலும் அதன் பேட்டரியில் இருந்து மின்சாரம் வந்து கொண்டிருக்கும். ஒயரிங்கைச் சரிபார்த்த பிறகே மெயினைப் போடுங்கள்.

கம்ப்யூட்டர் தீயை அணைக்காது. எந்தத் தெருவுக்கு முதலில் ஓட வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லும்.