பல் வலிக்கும் முன்னே

ஐம்பது, அறுபது ஆண்டுகளுக்கு முன் தமிழ்நாட்டுக் கிராமங்களில் பல் தேய்ப்பது வீட்டுக்கு வெளியே நடக்கும் காரியம். விடிந்ததும் வேப்பமரத்தில் ஒரு குச்சியை ஒடித்து, நுனியைக் கடித்து நாராக்கி, கொல்லையிலோ வரப்பிலோ நடந்துகொண்டே தேய்ப்பார்கள். வேப்பமரம் பக்கத்தில் இல்லாதவர்களுக்கு வேலங்குச்சி, ஆலம்விழுது. பெண்கள் பெரும்பாலும் அடுப்படியில் கிடைத்த சாம்பலையோ உமிக்கரியையோ உப்பையோ விரலில் தொட்டுக்கொள்வார்கள். சில ஊர்களில் செங்கல்லைப் பொடித்து அதையும் தேய்த்தார்கள். தென்னை ஈர்க்கைக் கிழித்து நாக்கு வழித்து, வாய் கொப்பளித்துவிட்டால் அன்றைய வேலை முடிந்தது. இரவில் பல் தேய்க்கும் வழக்கம் அநேகமாக எந்த வீட்டிலும் இல்லை.

பிறகு பல்பொடிக் காலம் வந்தது. இலங்கை வானொலி விளம்பரத்தால் பட்டிதொட்டியெல்லாம் பெயர் தெரிந்த கோபால் பல்பொடி, கர்நாடகத்திலிருந்து வந்த நஞ்சன்கூடு பல்பொடி என இளஞ்சிவப்புப் பொடிகள் மளிகைக் கடைகளில் குடியேறின. இனிப்பும் வாசனையுமாக இருந்ததால் தேய்த்ததில் பாதியைக் குழந்தைகள் விழுங்கினார்கள். எம்.ஜி.ஆர். ஆட்சியில் 1982-ல் சத்துணவுத் திட்டம் தொடங்கிய பின், பள்ளிக் குழந்தைகளுக்கு அரசே இலவசமாகப் பற்பொடி கொடுத்தது. வாய்ச் சுத்தத்தை ஏழைக் குழந்தையின் கைக்குக் கொண்டுபோன அந்த முயற்சியை இன்று நினைத்தாலும் பாராட்டத் தோன்றுகிறது.

இன்று பெட்டிக்கடை வாசலில்கூட சின்ன பேஸ்ட் ட்யூபும் பிரஷும் தொங்குகின்றன. கருவி மாறிவிட்டது. ஆனால் வலித்தால்தான் வைத்தியரிடம் போவது என்ற பழக்கம் மட்டும் தாத்தா காலத்தில் இருந்தபடியே இருக்கிறது. மாற வேண்டியது அதுதான்.

பாட்டி வீட்டு வெற்றிலை உரல்

"அந்தக் காலத்து ஆளுங்க எண்பது வயசுலயும் கரும்பு கடிச்சாங்க" என்று பெருமையாகச் சொல்வோம். கடித்தவர்கள் உண்டு. ஆனால் அதே வீடுகளில் வெற்றிலை பாக்கு இடிக்கும் சின்ன இரும்பு உரலும் இருந்தது. பாக்கைக் கடிக்கப் பல் இல்லாததால்தான் அதை இடித்துப் போட்டுக்கொண்டார்கள். பொக்கைவாய் அன்று முதுமையின் அடையாளம். அதை நோயின் விளைவாக யாரும் பார்க்கவில்லை. ஈறில் காரை படிந்து, ரத்தம் கசிந்து, எலும்பு கரைந்து பல் ஒவ்வொன்றாக ஆடி விழுந்ததை வயதின் கணக்கில் எழுதிவிட்டார்கள்.

அன்று சொத்தைப் பல் குறைவு என்பது உண்மைதான். அதற்குக் குச்சியைவிடச் சாப்பாடே பெரிய காரணம். கம்பு, சோளம், கேழ்வரகு. மூன்று வேளைக்கு நடுவில் தின்பண்டம் அபூர்வம். இனிப்பு என்றால் தீபாவளி, பொங்கல், கல்யாணம். சாம்பலும் செங்கல்பொடியும் பல்லைக் காக்கவில்லை, தேய்க்கத்தான் செய்தன. பல்லின் மேல் பூச்சான எனாமல் ஒருமுறை தேய்ந்தால் மறுபடி வளராது. சில பொடிகளில் புகையிலையும் கலந்தது. பேஸ்டிலும் பல்பொடியிலும் புகையிலை சேர்க்க 1992-ல் மத்திய அரசு தடை போட்டது அதனால்தான்.

வாய்க்கு ஓய்வில்லை

இன்றைய குழந்தையின் நாளைப் பாருங்கள். காலையில் பாலோடு பிஸ்கட், பள்ளி இடைவேளையில் கேக், மாலையில் சிப்ஸும் பாக்கெட் ஜூஸும், படுக்கும் முன் சர்க்கரை போட்ட பால். நாம் சர்க்கரை தின்னும் ஒவ்வொரு முறையும் வாயிலுள்ள கிருமிகள் அதைப் புளிக்கவைத்து அமிலமாக்குகின்றன. அந்த அமிலம் எனாமலிலிருந்து சுண்ணாம்புச் சத்தைக் கரைக்கிறது. உமிழ்நீர் அதைச் சரிசெய்ய அரை மணி நேரமும் அதற்கு மேலும் ஆகும். அதற்குள் அடுத்த பிஸ்கட் வந்துவிட்டால் பழுது பார்க்க நேரமே கிடைப்பதில்லை. அதனால் எவ்வளவு தின்கிறோம் என்பதோடு எத்தனை தடவை தின்கிறோம் என்பதும் முக்கியம். இனிப்பைச் சாப்பாட்டோடு சேர்த்துக் கொடுத்துவிடுங்கள். நடுநடுவே தண்ணீர் போதும்.

இரவில் உமிழ்நீர் வெகுவாகக் குறைந்துவிடும். பால் புட்டியை வாயில் வைத்துக்கொண்டே தூங்கும் குழந்தைக்கு மேல்வரிசை முன்பற்கள் வரிசையாகச் சொத்தையாவது இதனால்தான். தூங்கும்முன் தேய்ப்பது காலையில் தேய்ப்பதைவிட அவசியம்.

பிடுங்கும் வைத்தியமும் காக்கும் வைத்தியமும்

அன்று பல் வலித்தால் முதலில் கிராம்பு. அது வீண் நம்பிக்கை அல்ல; கிராம்பிலுள்ள யூஜினாலைப் பல் மருத்துவர்கள் இன்றும் பயன்படுத்துகிறார்கள். ஆனால் கிராம்பு வலியை அடக்குமே தவிர சொத்தையை ஆற்றாது. அடங்காத வலிக்குச் சந்தையில் உட்கார்ந்திருப்பவரிடம் போய்ப் பிடுங்கிக்கொள்வார்கள். சென்னையில் சீனாவிலிருந்து வந்து குடியேறிய குடும்பத்தினர் தலைமுறை தலைமுறையாகப் பல் வைத்தியம் பார்த்தார்கள். 1953-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பல் மருத்துவப் பிரிவு தொடங்கியது. அதுவே பின்னர் அரசு பல் மருத்துவக் கல்லூரியாக வளர்ந்தது. 1980-ல் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பல் மருத்துவக் கல்லூரி வந்தது. அதன்பின் தனியார் கல்லூரிகள் பெருகின. 2023-ல் புதுக்கோட்டையிலும் அரசுக் கல்லூரி திறக்கப்பட்டது. இன்று சிறிய ஊர்களில்கூடப் பல் மருத்துவமனைப் பலகையைப் பார்க்கலாம்.

அன்று பிடுங்கியே தீர வேண்டியிருந்த பல்லை இன்று வேர் சிகிச்சையால் பல ஆண்டுகள் காப்பாற்றலாம். ஆனால் அன்றைய பயங்கள் இன்னும் போகவில்லை. மேல் பல்லைப் பிடுங்கினால் கண் தெரியாமல் போகும் என்று இன்றும் சொல்கிறார்கள். மேல் பல்லின் நரம்பு வேறு, பார்வை நரம்பு வேறு. பல்லைப் பிடுங்குவதால் பார்வை போகாது. சுத்தம் செய்தால் பல் ஆடும் என்பது இன்னொன்று. காரை ஈறைக் கீழே தள்ளிப் பல்லை முன்பே தளர்த்தியிருக்கும். காரையை எடுத்ததும் அந்த இடைவெளி கண்ணுக்குத் தெரிகிறது. ஈறில் ரத்தம் வருகிறதென்று தேய்ப்பதை நிறுத்துவதும் தவறு. அழுக்கு தங்குவதால்தான் ரத்தம் வருகிறது. மெதுவாக, ஒழுங்காகத் தேய்த்தால் பெரும்பாலும் நின்றுவிடும். நிற்காவிட்டால் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

தருமபுரித் தண்ணீர்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பல்லின் கதை வேறு. அங்கே பாறையிலிருந்து ஃபுளோரைடு நிலத்தடி நீரில் அதிகமாகக் கரைகிறது. பல் உருவாகும் வயதில் அந்தத் தண்ணீரைக் குடித்த பிள்ளைகளின் பற்கள் பழுப்புக் கறையோடு முளைத்தன. எவ்வளவு தேய்த்தாலும் போகாத கறை அது. சிரிக்கும்போது வாயைக் கையால் மூடிக்கொண்டு ஒரு தலைமுறையே வளர்ந்தது. 2013-ல் செயல்பாட்டுக்கு வந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம், ஜப்பானியக் கடனுதவியோடு காவிரி நீரை அந்த ஊர்களுக்குக் கொண்டுசேர்த்தது. பல்லைக் காக்கப் பிரஷ் மட்டும் போதாது, நல்ல தண்ணீரும் வேண்டும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

இதைக் கேள்விப்பட்டு ஃபுளோரைடு பேஸ்டையே ஒதுக்குகிறவர்கள் உண்டு. குடிநீரில் அளவு மீறி உள்ளே போகும் ஃபுளோரைடு வேறு. பல்லின் மேல் தடவி, தேய்த்து, துப்பிவிடும் ஃபுளோரைடு வேறு. பின்னது எனாமலை உறுதியாக்கிச் சொத்தையைத் தடுக்கிறது. ஃபுளோரைடு மிகுந்த ஊர்களில் மட்டும், சின்னக் குழந்தைகளுக்கு எந்த பேஸ்ட் என்று பல் மருத்துவரைக் கேட்டு வாங்குங்கள்.

வீட்டில் செய்ய வேண்டியவை

குழந்தைக்கு ஆறு மாத வாக்கில் முதல் பல் முளைக்கும். யாழ்ப்பாணத்தில் அதற்குப் பல்லுக் கொழுக்கட்டை அவித்துக் கொண்டாடுவார்கள். அந்த நாளிலேயே பல் தேய்க்கவும் தொடங்கலாம். மூன்று வயது வரை அரிசி அளவு பேஸ்ட், அதன்பின் ஆறு வயது வரை பட்டாணி அளவு. ஏழெட்டு வயது வரை அம்மாவோ அப்பாவோ பக்கத்தில் நின்று தேய்த்துவிட வேண்டும். முதல் பிறந்தநாளுக்குள் ஒருமுறை பல் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

விழுந்த பால் பல்லைச் சாணி உருண்டையில் வைத்துக் கூரைமேல் எறிந்த ஊர் நம்முடையது. எப்படியும் விழப்போகிற பல்தானே என்ற அலட்சியமும் கூடவே வந்துவிட்டது. கடைவாய்ப் பால் பற்கள் பத்து, பன்னிரண்டு வயது வரை இருக்க வேண்டியவை. பின்னால் வரும் பல்லுக்கு இடம் பிடித்து வைப்பவை அவைதான். ஆறு வயதில், எந்தப் பல்லும் விழாமலே, வாயின் கடைசியில் ஒரு பெரிய பல் முளைக்கும். அது பால் பல் அல்ல, ஆயுளுக்கும் உள்ள நிரந்தரப் பல். அதன் பள்ளங்களில் சொத்தை விழாமல் மருத்துவர் பூச்சு போட முடியும்.

விளையாட்டில் நிரந்தரப் பல் வேரோடு விழுந்தால், வேரைத் தொடாமல் எடுத்துப் பாலில் போட்டு, அரை மணி நேரத்துக்குள் மருத்துவரிடம் ஓடுங்கள். மறுபடி பொருத்த வாய்ப்பு உண்டு. பால் பல்லுக்கு இது பொருந்தாது.

பெரியவர்களும் இரண்டு வேளை, இரண்டு நிமிடம் தேய்க்க வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பிரஷை மாற்றுங்கள். கர்ப்பிணிகளுக்கு ஈறு வீங்கலாம், பயப்படாமல் காட்டுங்கள். சர்க்கரை நோய் ஈறைக் கெடுக்கும், கெட்ட ஈறு சர்க்கரையைக் கட்டுப்படாமல் செய்யும். பல் செட்டை இரவில் கழற்றிச் சுத்தம் செய்து தண்ணீரில் போட்டு வையுங்கள்.

புகையிலை சேராவிட்டாலும் பாக்கு மட்டுமே புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-ல் உறுதிசெய்திருக்கிறது. வாயில் வெள்ளையோ சிவப்போ திட்டு, இரண்டு வாரம் ஆகியும் ஆறாத புண், வாய் முழுதாகத் திறக்க முடியாமை, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் தள்ளிப்போடாதீர்கள்.

ஆரம்பச் சொத்தையை அடைப்பது சில நிமிட வேலை. அதையே ஆண்டுக்கணக்கில் விட்டால் வேர் சிகிச்சை, அதையும் விட்டால் பிடுங்கல், பிறகு செயற்கைப் பல் என்று செலவும் வேதனையும் ஏறிக்கொண்டே போகும். அரசு மருத்துவமனைகளிலும் பல ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் பல் மருத்துவர் இருக்கிறார். பல் மருத்துவக் கல்லூரிகளில் குறைந்த செலவில் பார்க்கிறார்கள். பள்ளி விடுமுறையில் ஒரு நாள் ஒதுக்கி, பாட்டி முதல் பேரன் வரை குடும்பத்தோடு போய்ப் பல்லைக் காட்டிவிட்டு வாருங்கள். யாருக்கும் வலி இல்லாத நாளாகப் பார்த்துப் போங்கள்.