ஹைகிரவுண்டு வராந்தாவில் யாரை எண்ணுவது?

பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரி வளாகத்தை இரவு பதினொரு மணிக்கு மேல் ஒரு சுற்று சுற்றி வந்தால், தரையில் துண்டு விரித்துப் படுத்திருப்பவர்களைப் பார்க்கலாம். ஒருவர் பிரசவ வார்டில் இருக்கும் மகளுக்குத் துணையாக ராதாபுரம் பக்கமிருந்து வந்தவராக இருப்பார். அவருக்கு அடுத்துப் படுத்திருப்பவர், சிகிச்சை முடிந்து மாதக்கணக்காகியும் போக இடமில்லாமல் அங்கேயே தங்கிவிட்டவராக இருக்கலாம். இருவர் தலைமாட்டிலும் ஒரே மாதிரி மஞ்சப்பை, ஒரே மாதிரி தண்ணீர் பாட்டில். டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு நகர்பவருக்கு வித்தியாசம் தெரியாது. ஒருவருக்கு ஊரில் வீடு இருக்கிறது, மற்றவருக்கு இல்லை. வீடற்றோர் கணக்கெடுப்பின் சிக்கல் முழுவதும் இந்த இரண்டு துண்டுகளுக்கு நடுவில்தான் இருக்கிறது.

மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறை வீடற்றோர் யார் என்று வரையறுத்து வைத்திருக்கிறது. சாலையோரம், நடைபாதை, சிமென்ட் குழாய், மேம்பாலத்தின் அடி, மாடிப்படியின் அடி, கோயில் மண்டபம், ரயில் நடைமேடை போன்ற இடங்களில் திறந்தவெளியில் வாழ்பவர்கள். 2011 கணக்கெடுப்பில் இவர்களைப் பதிவு செய்ய ஒதுக்கப்பட்டது ஒரே ஓர் இரவு, பிப்ரவரி 28. வீடுள்ளவர்களைத் தேடி மூன்று வாரம் நடந்த ஊழியர்கள், வீடில்லாதவர்களைத் தேடி ஒரே இரவுதான் நடந்தார்கள்.

அந்த இரவில் நாடு முழுவதும் கிடைத்த எண்ணிக்கை சுமார் 17.7 லட்சம். 2001இல் இது 19.4 லட்சமாக இருந்தது. குறைந்துவிட்டதே என்று மகிழ முடியாது. கிராமங்களில் குறைந்திருக்கிறது, நகரங்களில் 7.8 லட்சத்திலிருந்து 9.4 லட்சமாகக் கூடியிருக்கிறது. தமிழ்நாட்டின் கணக்கு 50,929 பேர். அவர்களில் 37,117 பேர் நகரங்களில் இருந்தவர்கள். இவையெல்லாம் உண்மையைவிடக் குறைவு என்று களத்தில் வேலை செய்பவர்கள் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைக்கிறேன்.

முதல் காரணம் பயம். பிச்சை எடுப்பதைத் தடுக்கும் சட்டம் ஒன்று 1945 முதல் நம் மாநிலத்தில் இருக்கிறது. நள்ளிரவில் வண்டி வந்து நின்று, அடையாள அட்டை மாட்டிய நாலு பேர் இறங்கினால், நடைமேடையில் படுத்திருப்பவர் கணக்கெடுப்பு என்று நினைக்க மாட்டார். தூக்கிக்கொண்டு போய் எங்கேயோ விடப்போகிறார்கள் என்றுதான் நினைப்பார். பையை எடுத்துக்கொண்டு இருட்டுக்குள் போய்விடுவார். அவர் எந்தத் தாளிலும் வரமாட்டார்.

பெண்கள் இன்னும் கண்ணில் படமாட்டார்கள். தெருவில் தனியாக வாழும் பெண் இரவில் கண்ணை மூட அஞ்சுவாள். வெளிச்சமும் ஆளும் உள்ள இடத்தில் பயணியைப் போல உட்கார்ந்திருப்பாள். விடிந்த பிறகு, ஆள் நடமாட்டம் வந்த பிறகுதான் தூங்குவாள். வேய்ந்தான்குளம் பஸ் ஸ்டாண்டில் நாகர்கோவில் பஸ்ஸுக்குக் காத்திருப்பவள்போல் தெரியும் ஒரு பெண், மறுநாளும் அதே இடத்தில் இருந்தால்தான் விஷயம் புரியும். ஓர் இரவுக் கணக்குக்கு மறுநாள் கிடையாது.

காலமும் கணக்கை மாற்றும். பாளை தசராவுக்குச் சப்பரங்கள் வரும் நாட்களில் எண்ணினால், வெளியூரிலிருந்து கடைபோட வந்து சாலையோரம் படுத்திருக்கும் வியாபாரிகளையும் சேர்த்துவிடுவோம். ஐப்பசி, கார்த்திகை மழையில் எண்ணினால் ஆளைக் கண்டுபிடிக்கவே முடியாது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணி பெருகியபோது ஆற்றங்கரைக் கல்மண்டபங்களில் தண்ணீர்தான் இருந்தது. மண்டபத்தை நம்பிப் படுப்பவர் அன்று எங்கே போயிருப்பார் என்பதற்கு எந்தப் பதிவேட்டிலும் கட்டம் கிடையாது.

இந்த விடுபடலை அளக்க முடியுமா? முடியும். நியூயார்க் நகரில் ஆண்டுதோறும் ஓர் இரவு தெருவில் இருப்பவர்களை எண்ணுகிறார்கள். அதே இரவில், கணக்கெடுப்பவர்களுக்குச் சொல்லாமல், சிலரை வீடற்றவர்களைப் போலவே தெருவில் நிறுத்திவைப்பார்கள். கணக்கு முடிந்ததும், 'உங்களிடம் யாராவது வந்து பேசினார்களா?' என்று அவர்களிடம் கேட்பார்கள். நிறுத்திவைத்த நூறு பேரில் எண்பது பேரிடம்தான் வந்தார்கள் என்றால், உண்மையில் தெருவில் இருப்பவர்களிலும் ஐந்தில் ஒருவர் விடுபட்டிருப்பார் என்று வைத்துத் தொகையைத் திருத்துவார்கள். குளத்து மீன்களில் சிலவற்றைப் பிடித்துக் குறியிட்டு விட்டு, மறுபடி வலைவீசி மொத்தத்தை மதிப்பிடும் பழைய முறையின் உறவுதான் இது.

எண்ணிக்கைக்கு ஏன் இவ்வளவு பாடு? நகரங்களில் ஒரு லட்சம் பேருக்கு ஒரு காப்பகம் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010இல் சொன்னது. 2013இல் வந்த தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கம், ஒவ்வொரு லட்சம் பேருக்கும் குறைந்தது 100 பேர் தங்க இடம் வேண்டும் என்று வகுத்தது. பாளையங்கோட்டையும் மேலப்பாளையமும் தச்சநல்லூரும் சேர்ந்த திருநெல்வேலி மாநகராட்சியின் மக்கள்தொகை 2011இல் ஏறத்தாழ 4.74 லட்சம். அந்தக் கணக்கில் நான்கு அல்லது ஐந்து காப்பகங்கள், 400 முதல் 500 படுக்கைகள். அவை எந்தத் தெருவில் வர வேண்டும், எத்தனை பெண்களுக்கு, எத்தனை முதியவர்களுக்கு என்பதைத் தலையெண்ணிக்கை மட்டும் சொல்லாது. பக்கத்தில் உட்கார்ந்து, 'எத்தன நாளா இங்க படுக்கிய அண்ணாச்சி?' என்று கேட்டால்தான் தெரியும்.

அப்படிக் கேட்கும் பழக்கம் அரசுக்குப் புதிதும் அல்ல. வீடற்றவர் வாக்காளராகப் பதிய விண்ணப்பித்தால், முகவரிச் சான்று கேட்கக் கூடாது. வாக்குச்சாவடி நிலை அலுவலர் இரவில் அந்த இடத்துக்கே போய், ஒரு நாளுக்கு மேல் பார்த்து, அவர் அங்கேதான் தூங்குகிறார் என்று உறுதிசெய்ய வேண்டும். தேர்தல் ஆணையத்தின் விதி இது. ஓட்டுக்காகப் பல இரவு போகலாம் என்றால், படுக்கைக்காகவும் போகலாம்.

அடுத்த கணக்கெடுப்பின் அடிப்படை நேரம் 2027 மார்ச் 1 நள்ளிரவு. வழக்கம் மாறாவிட்டால் பிப்ரவரி 28, ஞாயிற்றுக்கிழமை இரவுதான் வீடற்றோருக்கான இரவு. பாளையில் கல்லூரிகளுக்கும் நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்களுக்கும் பஞ்சமில்லை. ஒரு மாதம் முன்பே இடங்களைக் குறித்துவைக்க அவர்களால் முடியும். இரவு டீக்கடைக்காரரையும் ஆட்டோ ஸ்டாண்டு அண்ணாச்சிகளையும் பூக்கார அக்காவையும் கேட்டால் பாதி வேலை முடியும். உங்கள் தெருவில் கடை சாத்திய பிறகு அதன் திண்ணையில் படுப்பவர் யார் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். கணக்கெடுக்க வருபவர் உங்கள் வீட்டுக் கதவைத் தட்டும்போது, அந்தத் திண்ணைக்காரரைப் பற்றியும் சொல்லுங்கள்.