பாதி நிரப்பிய ஃபார்ம் திடீர்னு காலியாகுதா? டேப்களைக் கொஞ்சம் கவனிங்க!

ஆண்ட்ராய்டு போனில் குரோம் டேப் எண்ணிக்கை 99-ஐத் தாண்டினால், எண்ணுக்குப் பதில் சிரிக்கும் முகம் வரும். ஆனால் இது சிரித்துவிட்டுப் போகும் விஷயம் அல்ல.

நடப்பது என்ன?

திறந்திருக்கும் எல்லா டேப்பும் ரேமில் இருப்பதில்லை. ரேம் பற்றாக்குறை வந்தால், பின்னணியில் உள்ள பக்கங்களை போனே நீக்கிவிடும். மீண்டும் தொட்டால் பக்கம் புதிதாக லோடு ஆகும். டேட்டா செலவாகும். ஓடிபி பார்த்துவிட்டு வருவதற்குள், நிரப்பிய விண்ணப்பம்கூட காலியாகிவிடலாம்.

என்ன செய்யலாம்?

* விண்ணப்பம் நிரப்பும் முன் வீடியோ, மேப், ஷாப்பிங் டேப்களை மூடிடுங்க.

* பிறகு படிக்க வேண்டியதை புக்மார்க் செய்யுங்க. அது ரேமை அடைத்துக்கொள்ளாது.

* ஐபோனில் சஃபாரி செட்டிங்ஸில் 'க்ளோஸ் டேப்ஸ்' உள்ளது. ஒரு நாள், ஒரு வாரம் அல்லது ஒரு மாதம் கழித்து பழைய டேப்கள் தானாக மூடப்படும்.

* கம்ப்யூட்டர் குரோமில் செட்டிங்ஸ், பெர்ஃபார்மன்ஸ் போய் 'மெமரி சேவர்' ஆன் செய்யுங்க. விண்டோஸில் ஷிஃப்ட், எஸ்கேப் இரண்டையும் சேர்த்து அழுத்தினால், எந்த டேப் அதிக மெமரி எடுக்கிறது என்று தெரியும்.

முக்கியமா, 'சேவ் டிராஃப்ட்' வசதி இருந்தால் ஒவ்வொரு பக்கத்திலும் அதை அழுத்திட்டு நகருங்க.