இன்சுலினை அளக்கும் பிறபொருளெதிரிகள்

குருதித் திரவவிழையத்தின் ஒரு இலீற்றரில் ஏறத்தாழ 70 கிராம் புரதம் உண்டு. உண்ணா நிலையில் அதிலுள்ள இன்சுலினோ ஒரு மில்லிகிராமின் ஆயிரத்திலொரு பங்குக்கும் குறைவானது. 51 அமினோ அமிலங்களாலான இச்சிறு ஓமோனை அளக்கச் சாதாரண இரசாயனப் பகுப்பு முறைகள் போதா. இத்தடையை நீக்கிய கருவி பிறபொருளெதிரியாகும்.

1950களில் நியூயோர்க்கின் புறொங்ஸ் பகுதியிலுள்ள படைவீரர் மருத்துவமனையில் றொசலின் யலோ, சொலமன் பேர்சன் ஆகியோர் கதிர்த்தொழிற்பாட்டு அயடீனாற் குறியிட்ட இன்சுலினை மனிதருக்குச் செலுத்தி ஆராய்ந்தனர். முன்னர் இன்சுலின் சிகிச்சை பெற்றோரின் குருதியிலிருந்து அது மெதுவாகவே மறைந்தது. விலங்கு இன்சுலினுக்கெதிராகத் தோன்றிய பிறபொருளெதிரிகள் அதனைப் பற்றிக்கொண்டமையே காரணமென அவர்கள் கண்டனர். இத்துணைச் சிறிய மூலக்கூறு பிறபொருளெதிரியைத் தோற்றுவியாதென்பது அக்கால அறிஞர் பலரின் துணிபு. எனவே அவர்களது கட்டுரை முதலில் நிராகரிக்கப்பட்டது. 1956இல் அது வெளியானபோது, தலைப்பில் 'பிறபொருளெதிரி' என்ற சொல் நின்றிருக்க வேண்டிய இடத்தில் 'குளோபுலின்' என்ற சொல்லே நின்றது.

அளவீட்டின் தத்துவம் எளியது. மட்டான அளவு பிறபொருளெதிரியுடன் குறியிட்ட இன்சுலினும் மாதிரியிலுள்ள இன்சுலினும் சேரும்போது, இரண்டும் அதே பிணைப்பிடங்களுக்குப் போட்டியிடும். மாதிரியில் இன்சுலின் மிகுந்தால் பிணைந்த கதிர்த்தொழிற்பாடு குறையும். அறிந்த செறிவுகளோடு இதனை ஒப்பிட்டு அளவு கணிக்கப்படும். கினிப்பன்றியின் இன்சுலின் மாடு, மனிதர் ஆகியோரின் இன்சுலினிலிருந்து பெரிதும் வேறுபடுவதால், அவ்விலங்கிலிருந்து வலிய பிறபொருளெதிரிகள் கிடைத்தன.

இம்முறை நீரிழிவு பற்றிய கருத்தையே மாற்றியது. முதிர்ந்த வயதில் நீரிழிவுக்கு ஆளானோர் பலரின் குருதியில் இன்சுலின் குறைவின்றி இருந்தமை 1960இல் எடுத்துக்காட்டப்பட்டது. குறைபாடு சுரப்பில் மட்டுமன்றி, இன்சுலினுக்கு உடல் காட்டும் துலங்கலிலும் உண்டென்பது புலனாயிற்று. யலோவும் பேர்சனும் இம்முறைக்குக் காப்புரிமை கோரவில்லை; ஆய்வுலகம் அதனைத் தடையின்றிப் பயன்படுத்திற்று. பேர்சன் 1972இல் மறைந்தார். யலோ 1977இல் நோபல் பரிசு பெற்றார்.

எனினும் பிறபொருளெதிரி தான் இனங்காணும் பகுதியை மட்டுமே அறியும். 1967இல் இன்சுலினின் முன்னோடியான புரோஇன்சுலின் அறியப்பட்டபின், பழைய பிறபொருளெதிரிகள் அதனையும் சேர்த்தே அளந்தமை தெளிவாயிற்று. 1975இல் கோலர், மில்ஸ்ரைன் ஆகியோர் வகுத்த வழியால், ஒரே கலவழியில் வந்த, ஒரே தன்மையுடைய பிறபொருளெதிரிகளை ஆக்க முடிந்தது. மூலக்கூறின் இரு வேறிடங்களைப் பற்றும் இரு பிறபொருளெதிரிகளைக் கொண்டு இன்சுலினைப் பிரித்தறிதலும் இயல்வதாயிற்று. ஆயினும் மருந்தாக வழங்கப்படும் மாற்றியமைத்த இன்சுலின்களைச் சில பிறபொருளெதிரிகள் காணும், சில காணா. ஆகவே, எந்தப் பிறபொருளெதிரியால் அளந்தோமெனக் கூறாது தரப்படும் இன்சுலின் பெறுமானம் அரைகுறைச் செய்தியே.