"கோச் என்னை மட்டும்தான் திட்டறார்!"

கோடை லீவில் பேட்மின்டனுக்கோ நீச்சலுக்கோ பிள்ளையைச் சேர்த்துவிட்ட வீடுகளில், பத்தாம் நாள் இந்தப் புகார் கிளம்பும். கூடவே, "ராக்கெட் சரியில்லைம்மா", "அம்பயர் மோசம்ப்பா..."

நாம் என்ன செய்கிறோம்? "எங்க பையனுக்குப் பிறவியிலேயே திறமை ஜாஸ்தி. அந்த கோச்சுக்குத்தான் புரியலை" என்று பரிந்து பேசுகிறோம். அதுவும் அவன் காதுபடவே! வினை அங்கேதான் ஆரம்பம்.

அமெரிக்க உளவியலாளர்கள் கிளாடியா முல்லரும் கேரல் ட்வெக்கும் பத்து, பதினோரு வயதுப் பிள்ளைகளிடம் செய்த சோதனைகளை 1998-ல் வெளியிட்டார்கள். புதிர் போட்ட பிள்ளைகளில் சிலரை "நீ புத்திசாலி" என்றும், சிலரை "நல்லா உழைச்சிருக்கே" என்றும் பாராட்டினார்கள். அடுத்து, கஷ்டமான புதிரில் எல்லோரும் திணறினார்கள். அதன்பின் சுலபமான புதிர் கொடுத்தபோதுகூட 'புத்திசாலி'களின் மார்க் சரிந்தது. மற்றவர்களுக்கோ ஏறியது! வாங்கிய மார்க்கைக் கூட்டிச் சொன்னவர்களும் 'புத்திசாலி'களில்தான் அதிகம்.

மைதானத்திலும் இதே கதைதான். 'பிறவித் திறமைசாலி' பட்டம் வாங்கிய பிள்ளையிடம் கோச், "பிடியை மாத்து" என்றால், பட்டத்தையே பிடுங்குவதாக அது நினைத்துக்கொள்கிறது. திமிர் மாதிரி தெரிவதில் பாதி, பயம்.

பி.வி.சிந்துவும் கோச்சை லேசில் கேட்டுவிடவில்லை. களத்தில் உரக்கக் கத்தி ஆடக் கூச்சம். "கத்தினால்தான் ராக்கெட்டைத் தொடலாம்" என்று எல்லோர் முன்னிலையிலும் நிற்க வைத்தார் கோபிசந்த். சிந்து அழுதார், பிறகு கத்தினார். 2016 ரியோ ஒலிம்பிக்கில் வெள்ளி! (எல்லாப் பிள்ளைக்கும் இந்த வைத்தியம் ஒத்துவராது. அடிக்கிற, அவமானப்படுத்துகிற கோச்சிடமிருந்து பிள்ளையைக் கூட்டி வந்துவிடுங்கள்.)

இந்தப் பயத்தின் இன்னொரு முகம்தான் ஆபத்தானது: வலியை மறைப்பது. 'சொன்னா டீம்லேர்ந்து எடுத்துடுவாங்க!' பத்திலிருந்து பதினைந்து வயதில் எலும்பு வளர்கிற குருத்துப் பகுதி மென்மையானது. ஓடிக் குதிக்கும் பிள்ளைகளுக்கு முழங்கால் சில்லுக்குக் கீழே வலியோடு புடைப்பு வந்தால், அது ஆஸ்குட்-ஸ்லாட்டர் என்கிற தொல்லையாக இருக்கலாம். ஆட்டத்தைக் குறைத்து ஓய்வு கொடுத்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். மறைத்து ஆடினால் இழுத்தடிக்கும்.

அதனால், வீட்டுக்கு வந்ததும் "ஜெயிச்சியா?" என்று கேட்காமல், "சார் இன்னிக்கு எதை மாத்தச் சொன்னார்? எங்கேயாவது வலிக்குதா?" என்று கேட்டுப் பாருங்களேன். நொண்டி நடந்தாலோ, மூட்டு வீங்கினாலோ, ராத்திரி வலியில் எழுந்தாலோ, மறுநாள் பிராக்டீஸுக்கு முன் டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.