நீர் இறங்கக் காற்றும் வேண்டும்

யூபிலி மலருக்குக் கட்டுரை ஒன்று தருக எனப் பழைய மாணவர் சங்கத்தார் பணித்தபொழுது, இலக்கியமோ சமயமோ எழுதாது குளியலறைக் கழிவுநீர்க் குழாயைப் பற்றி எழுதப் புகுந்தோம். நண்பர் சிலர் நகைத்தல் கூடும். எனினும், கல்லூரி ஆய்வுகூடத்தில் வளிமண்டல அமுக்கத்தைப் பற்றிக் கற்ற பாடம் வாழ்க்கையில் எமக்கு மிகவும் பயன்பட்ட இடம் அதுவே என்பதால், வெட்கமின்றி எழுதுகின்றோம்.

பதுளைக்கு அண்மையில், மலைச்சரிவில் அமைந்தது எமது பழைய வீடு. முற்றத்தின் கோடியில் தனித்து நின்ற மலசலகூடத்தை நீக்கி, முதியோரின் வசதி கருதி வீட்டினுள்ளே குளியலறையோடு சேர்த்து அமைத்தோம். சுவருக்கும் தரைக்கும் பளபளக்கும் ஓடுகள் பதித்தாயிற்று. பத்து நாள் செல்லுமுன் அறையில் துர்நாற்றம் எழுந்தது. பினாயில் ஊற்றியும் பயனில்லை. ஆனால் ஒன்றைக் கவனித்தோம். மலசலகூடத்தில் நீர் பாய்ச்சும்போதெல்லாம், தரையிலுள்ள வடிவாயில் “களக், களக்” என்று ஒலித்தது. அவ்வொலியே நோயின் குறி.

வடிவாயிலின் கீழும் மலசலகூடக் கிண்ணத்தின் கீழும் குழாய் வளைந்து செல்லும். அவ்வளைவில் எப்பொழுதும் ஏறத்தாழ இரண்டு அங்குல ஆழத்துக்கு நீர் தங்கி நிற்கும். இதனை நீரடைப்பு என்பர். நீர் இதனூடே வெளியேறலாம். குழியின் நச்சுவளியோ இதனைக் கடந்து உள்ளே வரமாட்டாது. 1775ஆம் ஆண்டில் இலண்டனில் அலெக்சாந்தர் கம்மிங் என்னும் கடிகாரத் தொழிலாளர் இத்தகைய வளைவுள்ள மலசலகூடத்துக்கு உரிமைப் பத்திரம் பெற்றார். வீட்டாரையும் மலக்குழியையும் பிரித்து நிற்கும் காவல், இரண்டங்குல நீர் மாத்திரமே.

அக்காவல் எம் வீட்டில் ஏன் தவறியது? பால் ரின்னில் ஒரு துளை மாத்திரம் இட்டுக் கவிழ்த்தால் பால் விக்கி விக்கி விழும். எதிர்ப்புறத்தே இரண்டாவது துளை இட்டால் ஒழுங்காக ஒழுகும். உள்ளே காற்றுப் புகுந்தாலன்றிப் பால் வெளிவர இயலாது. குழாயிலும் இதுவே நிகழ்கின்றது. பாய்ச்சிய நீர் திரண்டு குழாயை நிறைத்துக்கொண்டு இறங்கும்பொழுது, அதன் பின்னால் காற்றின் அமுக்கம் குறைகின்றது. காற்றுக்கு வேறு வழி இல்லையெனில், அறையின் காற்று அருகிலுள்ள நீரடைப்பைத் தள்ளிக்கொண்டு உட்புகும். நீர் போய்விடும், வாயில் திறந்துவிடும். எமது வீட்டைத் திருத்திய பாஸ், குளிக்கும் நீரின் குழாயையும் மலசலகூடத்துக் குழாயோடு இணைத்தார். காற்றுக் குழாயை மாத்திரம் வைக்கவில்லை. அது வீண்செலவென்று யாமும் உடன்பட்டோம்.

பின்னர், பதித்த ஓடுகளை உடைத்து, நீரடைப்பை அடுத்துப் புறப்படும் இரண்டங்குலக் குழாய் ஒன்றைச் சுவரோரமாகக் கூரைக்கு மேல் உயர்த்தினோம். யன்னல்களுக்கு அப்பால் அதன் வாய் அமைந்தது. நுளம்பு புகாவண்ணம் வலையும் கட்டினோம். அன்றே ஓசை அடங்கியது, நாற்றமும் அகன்றது. வீடு திருத்துவோர் ஓடு பதிக்குமுன் ஒரு வாளி நீரை ஊற்றி, ஏனைய வடிவாயில்களில் ஓசை எழுகின்றதா எனக் கேட்பாராக. குழாயின் சாய்வும் அளவோடு இருத்தல் வேண்டும். அடிக்குக் கால் அங்குலம் போதியது. மலைநாட்டில் நிலம் சரிந்திருப்பதால் குழாயையும் அவ்வாறே சரித்தல் எளிது. ஆனால் மிகச் சரிந்தால் நீர் முந்தி ஓடி, திண்மக் கழிவு பின்தங்கி அடைத்துக்கொள்ளும்.

காற்றுக் குழாய் இருந்தும் நீரடைப்பு வற்றுவதுண்டு. ஊவாத் தேயிலைக்கு நறுமணம் ஊட்டும் யூலை முதல் செத்தெம்பர் வரையான வறண்ட காற்று, வழங்காத அறையின் நீரடைப்பையும் உலர்த்திவிடும். வாரம் ஒருமுறை ஒரு செம்பு நீர் ஊற்றுதல் நன்று. இது சிறு காரியம் அன்று. 2003இல் ஒங்கொங்கின் அமோய் தோட்டம் என்னும் மாடிக் குடியிருப்பில் சார்ஸ் நோய் முந்நூற்றுக்கு மேற்பட்டோரைப் பற்றியது. நாற்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். நோய் பரவிய வழிகளுள் ஒன்று, தரை வடிவாயில்களில் உலர்ந்துபோன நீரடைப்பு என்று ஆராய்ந்தோர் கண்டனர்.

தோட்டத்து மக்களுக்கு இப்பாடம் புதிதன்று. 1916இல் றொக்பெல்லர் நிறுவனத்தார் இலங்கைத் தோட்டங்களில் கொழுக்கிப்புழு ஒழிப்பைத் தொடங்கினர். மருந்துண்டு குணமானோர் மலம் கலந்த மண்ணில் வெறுங்காலுடன் நடந்து மீண்டும் நோயுற்றனர். மருந்து மாத்திரம் போதாது, மலசலகூடமும் வேண்டும் என்பது அதனால் தெளிவாயிற்று. இன்று லயத்தை விட்டுத் தனிவீடு புகும் குடும்பங்கள், பல வீட்டாருக்கும் பொதுவான மலசலகூடத்துக்கு ஈடாகத் தமக்கென ஒன்றைப் பெறுகின்றன. அது பெரும்பேறே.

ஆயினும் மலையில் ஒவ்வொருவர்க்கும் கீழே வேறொருவர் வாழ்கின்றார். எமது உறிஞ்சுகுழியின் நீர் அவருடைய ஊற்றைச் சென்றடையலாம். ஆதலின் கிணற்றுக்கும் ஊற்றுக்கும் மேற்புறத்தே குழி வெட்டலாகாது. அறுபது அடியேனும் விலகி இருத்தல் வேண்டும். வெட்டிய மண்மேட்டின் விளிம்பிலும் அதனை அமைத்தலாகாது. 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லாந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் பெருமழையின் பின் மண் சரிந்து லயங்களைப் புதைத்ததை நாம் மறந்திலோம். நீர் ஊறிய சரிவு எத்தகையது என்பதை அந்நாள் காட்டிற்று.

கூரைக்கு மேல் நிற்கும் அக்குழாயை விருந்தினர் எவரும் புகழ்ந்திலர், ஓடுகளையே புகழ்ந்தனர். ஆயினும் வீடு திருத்தும் அன்பர்காள், பணம் குறையுமாயின் ஓட்டிற் குறையுங்கள், குழாயிற் குறையாதீர்கள்.