பூட்ஸுக்குள் ஆவாரம் பட்டை

தில்லி மயூர் விஹாரில் வேப்பமர நிழலில் பெட்டியை விரித்து அமர்ந்திருக்கும் மோச்சியிடம் எப்போதேனும் பழைய பூட்ஸ் ஜோடி ஒன்று பழுதுக்கு வருவதுண்டு. அடித்தோல் தேய்ந்தும் மேல்தோல் சற்றும் வெடிக்காத அத்தகைய ஆக்ஸ்போர்டு ஒன்றைக் காணும் பாக்கியம் வாய்த்தவர்கள், அதன் மெருகை மட்டும் புகழ்ந்துவிட்டு நகராமல், கையில் வாங்கி நிதானமாகப் பரிசீலிக்க வேண்டும் என்பது என் ஆசை.

லேஸ் துளைகளைத் தாங்கும் இரு பக்கத் தோல்களும் முன்தோலுக்கு அடியில் சென்று தைக்கப்பட்டிருந்தால் அது ஆக்ஸ்போர்டு. அவை முன்தோலின்மேல் படிந்து, கதவுகளைப் போல இருபுறமும் விரியுமானால் அது டெர்பி. புறங்கால் உயர்ந்தவர்களுக்கு டெர்பியே சௌகரியம். துளைகளால் அலங்கரித்த ப்ரோக்கும், லேஸுக்குப் பதில் வாரும் கொக்கியும் கொண்ட மங்க் ஜாதியும் வேறு.

ஆனால் ரூபத்தைவிடத் தோலே பிரதானம் என்பது என் அபிப்பிராயம். கன்றுத்தோலில் ரோமத் துவாரங்கள் மிக நுண்மையாதலால், பாலிஷ் ஏற ஏற அது ஆழ்ந்த சோபை பெறுகிறது; மேற்பரப்பைத் தேய்த்துப் பூச்சேற்றிய மலிவுத் தோலோ, கடையில் எவ்வளவு பளபளத்தாலும், மடியும் இடத்தில் விரைவில் உரிந்துவிடுகிறது. குதிரையின் பின்பாகத்துத் தோலினுள் இருக்கும் நெருக்கமான நார்ப்படலத்திலிருந்து எடுக்கும் கார்டோவன், நுண்சுருக்கம் விழாமல் அலையலையாக மடியும். 1905-ல் சிகாகோவில் தோன்றிய ஹார்வீன் ஆலையில் அதைப் பதனிட ஏறக்குறைய ஆறு மாதம் பிடிக்கிறது.

இத்தனைக்கும் நடுவே, பூட்ஸின் உட்புறத்தை நாம் பார்ப்பதேயில்லை. சென்னைத் துறைமுகத்திலிருந்து 'கிழக்கிந்தியத் தோல்' என்ற பெயருடன் லண்டன் சந்தைக்குப் போன தோல், அயல்நாட்டுப் பூட்ஸுகளுக்கு உள்தோலாயிற்று. திண்டுக்கல், ஆம்பூர், வாணியம்பாடி முதலிய ஊர்களின் தோல் ஷாப்புகளில், சுண்ணாம்பில் ஊறி ரோமம் நீங்கிய தோலை ஆவாரம் பட்டைச் சாற்றில் பதனிட்டு, இறுதியில் கடுக்காய் நீரில் தோய்த்தெடுத்தார்கள். ஆவாரையில் மட்டும் பதனான தோல் வெளிச்சம் பட்டால் சிவந்துவிடும், கடுக்காய் அதைத் தடுத்து இளமஞ்சள் நிறத்தை நிலைநிறுத்தும். வரப்போரத்துச் செடியையும் வைத்தியர் வீட்டுக் காயையும் இவ்விதம் இணைத்த அந்த அநாமதேயத் தொழிலாளர்களின் ஞானத்துக்கு நாம் போதிய மரியாதை செய்யவில்லை. முதல் உலக யுத்தத்தின்போது, பிரிட்டிஷ் படைவீரர்களின் பூட்ஸ் மேல்தோலுக்காகச் சர்க்காரே இந்தத் தோலை வாங்கி அனுப்பியது. பிற்காலத்தில் ஆவாரையின் ஸ்தானத்தைப் பெரும்பாலும் வாட்டில் மரப்பட்டை பிடித்துக்கொண்டது.

பழைய பூட்ஸின் தீர்க்காயுளுக்குத் தையலும் காரணம். மேல்தோலையும் உள்ளடியையும் ஒரு தோல்வாரோடு பிணைத்து, அந்த வாரோடு அடித்தோலைத் தனியே தைத்திருப்பார்கள். ஆகவே மோச்சி வெளித்தையலை மட்டும் பிரித்து, மேல்தோலைத் தீண்டாமலே புதிய அடித்தோலை ஏற்றிவிடலாம். பசையால் ஒட்டிய பூட்ஸில் இது எளிதன்று. மயூர் விஹாரிலிருந்து மெட்ரோ ஏறி ராஜீவ் சௌக்கில் இறங்கி, கன்னாட் பிளேஸில் புது ஜோடி வாங்கப் போகிறவர்கள், விலையைக் கேட்குமுன் அடித்தோலின் விளிம்பில் அந்தத் தையல் ஓடுகிறதா, அது வெறும் அலங்காரமா, உள்தோல் அசல் தோல்தானா என்று கடைக்காரரை விசாரிக்கட்டும்.